சந்தனப் பொட்டுக்கு அடியில் ஏழு டிகிரி

உங்கள் ஏலக்காய் உலர்த்தும் அறைகளில் இப்போது சூடு சிவப்பு எண்களாக எரிகிறது. பொத்தானை அழுத்தினால் கூடுகிறது, குறைகிறது. நல்லதுதான். ஆனாலும் எந்த ஸ்டோருக்குள் நுழைந்தாலும் சுவரில் ஒரு கண்ணாடித் தெர்மாமீட்டர் தொங்குவதைப் பார்க்கிறேன். மின்சாரம் போன நாளில் எல்லோரும் அதைத்தான் தேடுகிறீர்கள். அதற்குள் இருக்கும் சிவப்புத் திரவம் இரண்டு துண்டாகப் பிரிந்துவிட்டால் என்ன செய்வது என்று போன வாரம் ஒரு தம்பி போனில் கேட்டார். "ஐஸில் வை, மெதுவாகத் தட்டு, சேர்ந்துவிடும்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பிறகு யோசித்தால், பாதிதான் சொல்லியிருக்கிறேன். மீதி இது.

நான் எட்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. லாரியில் கிளீனர், ஈரோட்டில் மஞ்சள் கிடங்கு, கூடலூர்ப் பக்கம் தேயிலை ஃபேக்டரி என்று எங்கும் மூன்று வருடத்துக்கு மேல் ஒட்டியதில்லை. சில ஊர்களில் கூலி கிடைத்தது, சில ஊர்களில் சாக்கு விரிக்க இடம் மட்டும் கிடைத்தது. கடைசியாகப் போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலக்காய் ஸ்டோரில் வந்து நின்றேன். ஏன் அங்கே நின்றேன் என்று எனக்கே தெரியாது. குளிர் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

நம் தொழிலுக்கு வெளியே உள்ளவர் கையில் இது கிடைத்தாலும் புரிய வேண்டும். பறித்த ஏலக்காயை உலர்த்தும் கட்டடத்தைத்தான் ஸ்டோர் என்கிறோம். எங்களுடையது பழைய முறை. வெளியே அடுப்பு, அறைக்குள் சூடு ஓடும் தகரக் குழாய்கள், மேலே தட்டுத் தட்டாகப் பச்சைக் காய். ஒரு நாள் முழுக்க உலர வேண்டும். எங்கள் ஸ்டோரில் ஐம்பது டிகிரிதான் எல்லை. அதைத் தாண்டினால் பச்சை போய் மஞ்சளாகிவிடும், தோல் வெடிக்கும். ஏலம் விடும் இடத்தில் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். தெர்மாமீட்டர் அறைக்குள்ளே ஒரு ஆணியில் தொங்கும். கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி ஜன்னல். அதன் வழியாக டார்ச் அடித்துப் பார்ப்போம். முக்கால் அடி நீளக் குழாய், மரப் பலகையில் பொருத்தியது. நாங்கள் அதைக் 'கண்ணாடி' என்றுதான் சொல்வோம்.

எனக்கு ஸ்டோர் பொறுப்பு. அடுப்பில் தீ போடுகிறவர் அடிவாரத்துச் சிலமலை ஊர்க்காரர், அதனால் சிலமலைக்காரர். பேர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. என்னைவிட நாலைந்து வயது இளையவர். பேச்சு குறைவு. விறகை எடை பார்க்கிற மாதிரி கையில் ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே தள்ளுவார்.

நான் ஓய்வு பெறுவதற்கு நாலைந்து வருடம் முன்பு, ஆயுத பூஜை நாள். நமக்கு அது காய் வரத்து மும்முரமாக இருக்கும் சமயம், உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் அரை நாள் அடுப்பை அணைத்துக் கழுவிவிட்டு, கோடாரி, தராசு, சாம்பல் வாரும் கம்பி எல்லாவற்றையும் ஒரு பலகையில் பரப்பிச் சந்தனம் குங்குமம் வைப்போம். எங்கள் ஸ்டோரில் கண்ணாடிக்கும் உண்டு. நான்தான் அதைக் கழற்றிக் கொண்டுவந்து, விளக்குக்குப் பக்கத்தில் படுக்க வைத்தேன். தட்டை எடுக்கும்போது என் முழங்கை பட்டு அது சரிந்து கீழே சாக்கின் மேல் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன், உடையவில்லை. நல்ல சகுனம் என்று சொல்லிக்கொண்டு, குழாயின் உச்சியில் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, பழையபடி ஆணியில் மாட்டினேன்.

மறுநாள் பொட்டிபுரத்துக்காரர் ஒருவரின் காய் அறைக்குள் போனது. மலையில் நிலம் குத்தகைக்கு எடுத்திருப்பவர். நல்ல காய், ஒவ்வொன்றும் பாலேறிப் பருத்தது. மதியத்துக்கு மேல் சிலமலைக்காரர் அடுப்பை விட்டு எழுந்துவந்தார்.

"அண்ணே, போதும்ணே. இதுக்கு மேல கட்டை போட்டா காய் வெந்துரும்."

நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். "நாப்பத்தி மூணுதான்பா காட்டுது. இன்னும் ஏழு இருக்கு."

"கதவுப் பிடியத் தொட்டுப் பாருங்க."

"பிடியத் தொட்டுப் பாக்குறதுக்கா மொதலாளி கண்ணாடி வாங்கிக் குடுத்தாரு?"

"கண்ணாடி என்னமோ காட்டட்டும்ணே. என் கை சொல்லுதுல்ல."

"ஓங் கை எந்தக் கம்பெனில செஞ்சது? நம்பரு எங்க எழுதியிருக்கு, காட்டு."

காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது. அதை மறைக்காமல் சொல்கிறேன். அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்க் கட்டைகளை உள்ளே தள்ளினார். கண்ணாடி ஐம்பதுக்கு வந்தது. நான் திருப்தியாக டீ குடித்தேன்.

அடுத்த நாள் தட்டுகளை இழுத்தபோது காய் மஞ்சளாக இருந்தது. பாதிக்குப் பாதி வாய் பிளந்திருந்தது. பொட்டிபுரத்துக்காரர் ஒரு கை அள்ளி என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இது என்னய்யா, ஏலக்காயா வறுகடலையா? தூங்கிட்டாரா ஒங்க தீக்காரரு?"

அந்த நொடியில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்று இருந்தது. அவர் போதும் என்றார், நான்தான் போடச் சொன்னேன் என்று. நாக்கு வரை வந்தது. வெளியே வந்தது வேறு.

"தீயக் கொஞ்சம் கூட்டிட்டாப்ள."

சிலமலைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"இந்த ஆளு அடுப்புல ஒக்கார்ற வரைக்கும் நான் இங்க காய் எறக்க மாட்டேன்" என்றார் பொட்டிபுரத்துக்காரர்.

நான் சிலமலைக்காரரிடம், "ரெண்டு நாள் வீட்ல இருந்துட்டு வாப்பா" என்றேன். மலையில் ரெண்டு நாள் என்றால் இனி வர வேண்டாம் என்று அர்த்தம்; எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஜீப்பில் ஏறும்போது, "கண்ணாடிய நல்லாக் கேட்டுக்கங்கண்ணே" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த லோடுக்கு நானே தீ போட்டேன். கண்ணாடி நாற்பத்திரண்டைத் தாண்ட மறுத்தது. கதவுக்குப் பக்கத்தில் நின்றால் முகம் எரிந்தது. எனக்குக் காய்ச்சல் வருகிறது என்று நினைத்தேன். மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு மேலும் கட்டை தள்ளினேன். தம்பிகளே, கவனியுங்கள். அறை சுடுகிறது என்று என் உடம்பு சொன்னது, நான் உடம்புக்கு மாத்திரை கொடுத்தேன். கண்ணாடி மேல் அவ்வளவு பக்தி.

அந்தக் காயும் மஞ்சள்.

வெள்ளிக்கிழமை காலை. அறை காலி. அடுப்பு ஆறிக் கிடந்தது. எனக்கு உடம்பெல்லாம் வலி. காய்ச்சல் எவ்வளவு என்று பார்க்கலாமே என்று தோன்றியது. மலையில் டாக்டர் எங்கே? கண்ணாடியை ஆணியிலிருந்து கழற்றி, பலகைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குமிழைக் கக்கத்தில் வைத்து இறுக்கிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷம் கழித்து எடுத்துப் பார்த்தால் இருபத்தொன்பது.

மறுபடி வைத்தேன். மறுபடி இருபத்தொன்பது.

உயிரோடு இருக்கிற மனிதனுக்கு முப்பத்தாறு சொச்சம் இருக்க வேண்டும் என்பது எட்டாம் வகுப்புக்காரனுக்கும் தெரியும். ஒன்று நான் செத்திருக்க வேண்டும், இல்லையென்றால் கண்ணாடி பொய். துண்டால் அதைக் கீழிருந்து மேலாக அழுத்தித் துடைத்தேன். உச்சியில் காய்ந்திருந்த சந்தனம் பொருக்காக உதிர்ந்தது. அதற்கு அடியில், குழாயின் உச்சியில், நூல் மாதிரிச் சிவப்பாக ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. கீழே இருக்க வேண்டிய திரவம். கீழே விழுந்த அன்றைக்குப் பிரிந்து மேலே போய்ச் சிக்கியிருக்கிறது. அதன் மேல் நானே பொட்டு வைத்து மூடியிருக்கிறேன்.

துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, அந்தத் துண்டின் நீளத்துக்கு ஒடித்து, கோடுகளின் மேல் வைத்துப் பார்த்தேன். சரியாக ஏழு கோடு. கண்ணாடி எதைக் காட்டியதோ அதோடு ஏழு சேர்த்துக்கொள்ள வேண்டும். நான் ஐம்பது என்று டீ குடித்தபோது அறை ஐம்பத்தேழில் வெந்துகொண்டிருந்தது. நாற்பத்து மூன்று என்று நான் படித்தபோது அறை ஐம்பதில் இருந்தது. அவர் எழுந்து வந்து போதும் என்று சொன்னது அப்போதுதான். ஒரு டிகிரி முன்னே பின்னே இல்லை.

நான் முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தபோது மீன்கார பாய் வந்தார். போடியிலிருந்து லோடு ஆட்டோவில் ஐஸ் பெட்டியோடு மேலே ஏறி, தோட்டம் தோட்டமாக விற்றுவிட்டு மத்தியானம் இறங்குவார். வாய் ஓயாதவர். சிலமலைக்காரர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அவர் மாமனார் வீடு.

"என்னண்ணே, கக்கத்துல கண்ணாடிய வச்சுக்கிட்டு? முட்டை அடைகாக்குறீகளா?"

சொன்னேன். எடுத்துக் காட்டினேன். பாய் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இதுக்கா இப்பிடி ஒக்காந்திருக்கீக? கொண்டாங்க. ஐஸுல உப்பப் போட்டு அடிக்குமிழ அதுக்குள்ள விட்டா செவப்பு பூராக் கீழ சுருங்கிரும். அப்பறம் ரெண்டு தட்டு. மேல இருக்குறது எறங்கிச் சேந்துக்கிரும். எங்க மச்சான் லேபுல இருக்கான், அவன் செய்வான் பாத்திருக்கேன்."

பெட்டியைத் திறந்து ஒரு கை ஐஸை அள்ளிவிட்டார். நானும் கண்ணாடியை நீட்டிவிட்டேன். பிறகு கையை இழுத்துக்கொண்டேன்.

"வேணாம் பாய்."

"ஏன்ணே?"

"சேந்துருச்சுன்னா அப்பறம் என்ன இருக்கு? நல்ல கண்ணாடி, கெட்ட தீக்காரன். அவ்வளவுதான."

பாய் ஐஸைப் பெட்டியில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்தார். அவர் சிரிக்கவில்லை.

"ஒங்களுக்குத் தெரியாதுல்ல. அவரு இன்னைக்கு ராத்திரி பஸ்சுக்குத் திருப்பூர் போறாரு. மருமகன் சாயப்பட்டறையில பாய்லருக்கு ஆள் கேட்டானாம். இங்க எந்த ஸ்டோர்லயும் எடுக்கல. தீயில தூங்குன ஆளுன்னு பேராகிப்போச்சு. அவரு நெஞ்சுக்கு அந்தப் பொகை ஆகுமாண்ணே? இப்பவே இழுக்குது."

அவருக்கு இளைப்பு உண்டு என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். விறகுப் புகை பழகிய நெஞ்சுக்குக் கெமிக்கல் புகை வேறு கதை. ஒரு சாயப்பட்டறையில் நான் நாலு மாதம் இருந்திருக்கிறேன். எதை இருமினேன் என்று இங்கே எழுத வேண்டாம்.

"போட்டோ எடுத்து அனுப்பிருவமா?" என்றார் பாய்.

"அவருகிட்ட பட்டன் போனு. அதோட இது போட்டோவுல சொல்ற சமாச்சாரமும் இல்ல. வெரசா வண்டிய எடுங்க. சாயங்காலம் பொட்டிபுரத்துக்காரரு காய் வருது. அதுக்குள்ள திரும்பணும்."

"என் மீனு?"

"போற வழியில வித்துக்கங்க. ஐஸ மட்டும் விக்காதீக."

இனிமேல் சொல்வதுதான் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு. கெட்டுப்போன கண்ணாடியைச் சரியாகிவிடாமல் பத்திரமாகக் கீழே கொண்டுபோக வேண்டும். மலை இறக்கம், கொண்டை ஊசி வளைவுகள், பாய் வண்டியின் ஸ்பிரிங்கோ அவருடைய வாயைப் போல. ஒரு பெரிய குலுங்கலில் அந்தச் சிவப்புத் துண்டு கீழே நழுவிச் சேர்ந்துவிட்டால் என் கையில் இருப்பது வெறும் வாய்ப்பேச்சு. கண்ணாடியை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் சீட்டிலிருந்து எழுந்து நின்றேன், குலுங்கல் என் முழங்காலோடு நிற்கட்டும் என்று. செக்போஸ்டில் ஒரு மலையாளக் காவலர் எட்டிப் பார்த்தார்.

"எந்தா சேட்டா அது?"

"காச்ச பாக்குற கண்ணாடி" என்றேன்.

"ஆர்க்கா பனி?" அவர்களுக்குப் பனி என்றால் காய்ச்சல்.

"ஸ்டோருக்கு" என்றார் பாய், வண்டியை நிறுத்தாமலே.

சிலமலையில் அவர் வீட்டு வாசலில் ஒரு பையும் சுருட்டிய கோரைப்பாயும் இருந்தன. அவர் மனைவி என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, "ஒங்க ஆபீசரு வந்திருக்காரு" என்றார். குரலில் மரியாதை இல்லை, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. சிலமலைக்காரர் வெளியே வந்தார். உட்காருங்கள் என்று சொல்லவில்லை.

நான் வழியெல்லாம் நிறையச் சொற்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். கண்ணாடியைத்தான் நீட்டினேன். உச்சியைக் காட்டினேன். ஈர்க்குத் துண்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் ஈர்க்கை அந்தச் சிவப்பின் மேல் வைத்துப் பார்த்தார். பிறகு கோடுகளின் மேல் வைத்தார். உதடு அசைந்தது, எண்ணுகிறார்.

"ஏழு."

"ஆமா."

"அன்னைக்கு எவ்வளவு காட்டுச்சுன்னீங்க?"

"நாப்பத்தி மூணு."

கொஞ்ச நேரம் அவர் தன் வலது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "பொட்டு வச்சது யாரு?" என்றார்.

"நாந்தான்."

"கீழ போட்டது?"

"அதுவும் நாந்தான்."

"தீயக் கூட்டிட்டாப்ளன்னு சொன்னது?"

உள்ளே இருந்து அவர் மனைவி சொன்னார், "அதுக்கு ஈர்க்கு வச்சு அளக்க வேணாம். தெரிஞ்சதுதான்."

பாய்க்கு இந்தக் கனமெல்லாம் தாங்காது. "ஐஸு உருகுது, பேச்ச அப்பறம் வச்சுக்கங்க" என்று பெட்டியோடு வந்தார். ஒரு சட்டி கேட்டார். "மீன் ஐஸ எஞ் சட்டியிலயா?" என்று அந்த அம்மா ஒரு பழைய பெயிண்ட் டப்பாவைக் கொடுத்தார், உப்பு மட்டும் தாராளமாக. சரி பண்ணும் வேலையைச் சிலமலைக்காரரே செய்தார். குமிழை உப்பு ஐஸுக்குள் இறக்கினார். சிவப்பு மெல்லச் சுருங்கி முழுக்கக் குமிழுக்குள் போய்விட்டது. கண்ணாடியை நிமிர்த்திப் பிடித்தபடியே எடுத்து, மடித்த துண்டை உள்ளங்கையில் வைத்து, அதன் மேல் அடியைத் தட்டினார். விறகைத் தூக்கிப் பார்க்கிற அதே கை. இருபது தட்டுக்கு ஒன்றும் நடக்கவில்லை. "உதறிப் பாருங்களேன்" என்றார் பாய். நான் வேண்டாம் என்றேன். தேயிலை ஃபேக்டரியில் நான் ஒரு கண்ணாடியை உதறி, அது கையை விட்டுப் போய்க் கதவு நிலையில் மோதியது. இன்னொன்றைத் தீயில் காட்டிக் குமிழை வெடிக்க வைத்தேன். அவை இரண்டிலும் பாதரசம். உருண்டோடியதை வெறுங்கையால் பொறுக்கினேன், அது விஷம் என்று யாரும் சொல்லவில்லை. நீங்கள் தீயிலும் காட்டாதீர்கள், வெறுங்கையாலும் தொடாதீர்கள்.

மறுபடி ஐஸ், மறுபடி தட்டல். அந்தத் துண்டு ஒரு கோடு நகர்ந்தது. அப்புறம் இரண்டு. பிறகு ஒரே சறுக்காகக் கீழே போய்க் குமிழோடு சேர்ந்துவிட்டது. சாட்சி போய்விட்டது.

டப்பாவைக் கழுவி, உப்பில்லாத ஐஸைப் போட்டுத் தண்ணீர் விட்டு அதில் நிறுத்தினோம். பூஜ்யத்தில் நின்றது. அது போதும், ஆனால் சிலமலைக்காரர் கண்ணாடியைத் துடைத்து என்னிடம் நீட்டி, "கக்கத்துல வைங்க" என்றார். வைத்தேன். முப்பத்தாறு.

"காச்சலும் இல்ல" என்றார். "வாங்க, போவோம்."

"திருப்பூரு?" என்றார் பாய்.

"மொதல்ல அந்தப் பொட்டிபுரத்து ஆளு முன்னாடி இவரு பேசட்டும். பேசுறதப் பாத்துட்டு பஸ்சப் பத்தி யோசிப்போம்." பையை அவர் வீட்டுக்குள் எடுத்து வைக்கவில்லை. வண்டியில் தன்னோடு ஏற்றிக்கொண்டார்.

மாலையில் ஸ்டோர் வாசலில் மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. பொட்டிபுரத்துக்காரர் சிலமலைக்காரரைப் பார்த்ததும், "எறக்காத, ஏத்து" என்று ஆட்களுக்குக் கை காட்டினார். எனக்கு மறுபடியும் ஒரு நொடி கிடைத்தது. இந்த முறை அதை விடவில்லை. காய் பொறுக்கும் பெண்கள், மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோரும் இருந்தார்கள். கண்ணாடி கெட்டிருந்ததை நான் பார்க்கவில்லை, இவர் போதும் என்று சொன்னார், நான் கேலி செய்தேன், கட்டை போடச் சொன்னது நான், பழியை இவர் மேல் போட்டதும் நான் என்று சொன்னேன். சாட்சிக்குக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. கண்ணாடி நல்லபடியாக இருந்தது.

பொட்டிபுரத்துக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இத அன்னைக்கே சொல்றதுக்கு என்னய்யா?"

"வாய் வரல."

"காய் போனதுகூடப் பரவால்ல" என்று முனகினார். பிறகு ஆட்களிடம், "என்னடா பாக்குறீக? எறக்குங்க."

சிலமலைக்காரர் பையை எடுத்துக்கொண்டுபோய் அடுப்புக்குப் பின்னால் ஆணியில் மாட்டினார். அந்தக் காய் மறுநாள் கிளிப்பச்சையாக வந்தது.

கண்ணாடியைச் சரி பண்ணுவது பத்து நிமிஷ வேலை, தம்பிகளே. அதை நீங்கள் எங்கும் கற்றுக்கொள்ளலாம். பிரிந்திருப்பதைக் கண்டால், சரி பண்ணுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: இது பொய் சொன்ன நாட்களில் இதை நம்பி யாரை நாம் பொய்யன் என்றோம்? அவர் வந்து பார்க்கும் வரை அதை அப்படியே வைத்திருங்கள். உங்கள் சிவப்பு எண்களுக்கும் இதுதான்.

அதற்குப் பிறகு எங்கள் ஸ்டோரில் பூஜைக்குப் பொட்டு மரப் பலகைக்குத்தான், குழாய்க்கு இல்லை. இன்னொரு பழக்கமும் வந்தது. யாரும் ஏற்படுத்தவில்லை, தானாக வந்தது. முதலில் அவர் கதவுப் பிடியில் கை வைத்து எண்ணைச் சொல்வார். அதற்கு அப்புறம்தான் நான் டார்ச் அடிப்பேன். பெரும்பாலும் ஒத்துப்போகும்.

நான் வேலையை விட்ட வருடம், கடைசி வாரம் என்று நினைக்கிறேன், அவர் கையை வைத்துவிட்டு, "நாப்பத்தெட்டு" என்றார். டார்ச் அடித்தேன். நாற்பத்தாறு. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான் கதவைத் திறந்து, கண்ணாடியைக் கழற்றி, துண்டால் உச்சிவரை துடைத்து, ஆறும்வரை கையில் பிடித்திருந்தேன். பிறகு கக்கத்தில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தேன்.